ஆலங்குளம் சொந்தங்கள் குழு: பெரியம்மாவின் வருசத்துக்கு மறுநாள்

மாமா (காலை 6:12): 🙏 பலமுறை பகிரப்பட்டது 🙏 முள் சீத்தா இலைக் கஷாயம் நாற்பது நாள் குடித்தால் மார்புப் புற்று கரைந்துவிடும். கத்தி வைத்தால்தான் பரவும். பத்துப் பேருக்கு அனுப்பவும்.

முருகன் (திருப்பூர்): மாமா, நேற்றுத்தான் அம்மாவுக்கு வருசம் கழிந்தது. இன்றைக்கு இதையா அனுப்புவீர்கள்?

மாமா: கோபப்படாதே மருமகனே. வந்தது, அனுப்பினேன். நல்லது என்றுதான் நினைத்தேன்.

செல்வி (தாராவி): மாமா, கத்தி பட்டால் பரவும் என்று ஊரெல்லாம் சொல்லச் சொல்லித்தான் பெரியம்மா எட்டு மாதம் சேலைக்குள் மறைத்து வைத்திருந்தாள். முற்றிப் போனபிறகு கத்தி வைத்து, பிழைக்காமல் போனவர்களைப் பார்த்துப் பார்த்து வந்த பேச்சு அது. பழி கத்தி மேல் விழுந்துவிட்டது.

முருகன்: சித்திரையில் குளிக்கும்போது தட்டுப்பட்டதாம். வலி இல்லை, அதனால் கொழுப்புக் கட்டி என்று விட்டுவிட்டாள். பக்கத்து ஊர் கிளினிக்கில் தொட்டுக்கூடப் பார்க்காமல் களிம்பு எழுதிக் கொடுத்தார்களாம். தை பிறக்கும்போது புண்ணாகிவிட்டது. எனக்குச் சொன்னதே அப்போதுதான்.

செல்வி: வலி இல்லாததுதான் இதில் மோசம் அண்ணே. வலித்திருந்தால் மறுநாளே போயிருப்பாள்.

மாமா: எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. இது பணக்கார வீட்டு நோய் என்பார்களே? அக்கா நாலு பிள்ளைக்குப் பால் கொடுத்தவள்.

செல்வி: தாய்ப்பால் ஆபத்தைக் குறைக்கும் மாமா. வரவே வராது என்று இல்லை.

கண்ணன் (சென்னை): பணக்கார நாட்டில் அதிகம் வருவது உண்மைதான் மாமா. சாவுதான் வேறு மாதிரி. 2022இல் அமெரிக்காவில் புதிதாக ஏறக்குறைய 2,74,000 பேர், இறந்தவர்கள் 43,000. நம் நாட்டில் புதிதாக 1,92,000 பேர், இறந்தவர்கள் 98,000.

மாமா: அங்கே வருவது கூட, சாவது பாதிகூட இல்லையா?

கண்ணன்: ஆமாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கும் அதையே சொல்கிறது. மிகவும் முன்னேறிய நாடுகளில் வாழ்நாளில் 12 பெண்களில் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது, 71இல் ஒருவர் இறக்கிறார். பின்தங்கிய நாடுகளில் 27இல் ஒருவருக்குத்தான் வருகிறது, ஆனால் 48இல் ஒருவர் போய்விடுகிறார். அமெரிக்காவுக்குள்ளேயும் எல்லாருக்கும் ஒரே கதை இல்லை. கறுப்பினப் பெண்களுக்கு வருவது வெள்ளையரைவிடச் சற்றுக் குறைவு, சாவு மட்டும் நூற்றுக்கு முப்பத்தெட்டு வீதம் அதிகம்.

முருகன்: அப்படியானால் நோய் எல்லாருக்கும் ஒன்றுதான். போய்ச் சேர்கிற நேரம்தான் வேறு.

செல்வி: போய்ச் சேர்ந்தபிறகும் இருக்கிறது அண்ணே. எங்கள் சுகாதாரப் பணியாளர் பயிற்சியில் மூன்று இலக்கு சொல்லிக் கொடுத்தார்கள், அதுவும் உலக சுகாதார நிறுவனம் வைத்ததுதான். நூற்றுக்கு அறுபது பேரையாவது முதல் இரண்டு நிலையிலேயே கண்டுபிடிக்க வேண்டும். முதலில் காட்டிய நாளிலிருந்து அறுபது நாளுக்குள் நோய் இன்னதென்று தெரிந்துவிட வேண்டும். எண்பது பேராவது சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும்.

முருகன்: அம்மாவுக்கு மூன்றில் ஒன்றுகூட நடக்கவில்லை.

முருகன்: மருந்து ஏற்றியது மூன்றே தடவை. அதற்குப் பிறகு போகமாட்டேன் என்றுவிட்டாள். காப்பீட்டு அட்டை இருந்தது, ஆஸ்பத்திரிச் செலவு கையை விட்டுப் போகவில்லை. பஸ் காசு, கூட வருகிறவரின் சம்பளம், சுற்றாமல் விட்ட பீடி, இதற்கெல்லாம் எந்த அட்டை? கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க வாரம் ஐந்து நாள் வரவேண்டும் என்றதும் பயந்துவிட்டாள்.

மாமா: என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

முருகன்: நீங்கள் கஷாயம் அனுப்பியிருப்பீர்கள்.

கண்ணன்: அண்ணே, விடுங்கள்.

சித்தி (7:41): 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி: சித்தி, என்ன அனுப்பினீர்கள்? நான் படிப்பதற்குள் அழித்துவிட்டீர்களே.

செல்வி: சரி, ஒரு கதை சொல்கிறேன், சும்மா கேளுங்கள். இங்கே மும்பைக் குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் ஓர் ஆய்வு தொடங்கியது. ஒன்றரை லட்சம் பெண்கள், இருபது வருடம். அதில் பாதிப் பேருக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மார்பைக் கையால் தடவிப் பார்த்தார்கள், மொத்தம் நாலு சுற்று. பார்த்தது டாக்டர் இல்லை, பத்தாவது படித்துப் பயிற்சி எடுத்த என்னைப் போன்ற பெண்கள். மெஷினும் இல்லை. 2021இல் முடிவு வந்தது. கட்டியை முன்கூட்டியே கண்டுபிடித்தார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் சாவு கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே அப்படிக் குறையவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மாமா: வெறும் கையாலா?

செல்வி: வெறும் கைதான் மாமா. கட்டி இருந்தால் மேல்பரிசோதனைக்கு அனுப்பிவிட வேண்டும், அவ்வளவுதான் எங்கள் வேலை. தோல் குழிவது, காம்பு உள்ளே இழுப்பது, ரத்தம் கசிவது, அக்குளில் கட்டி, இதில் எது இருந்தாலும் அனுப்புவோம். பத்துப் பேரை அனுப்பினால் பலருக்குச் சாதாரணக் கட்டியாகத்தான் இருக்கும். அது தெரிந்தால் அன்றைக்கே நிம்மதியாகத் தூங்கலாமே.

(8:20)

மாரி: செல்வி அக்கா, உங்களுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

செல்வி: பார்த்தேன்டி. அம்மாவுக்கு இப்போதே போன் போடுகிறேன்.

(9:05)

செல்வி: மாமா, நாளைக் காலையில் ஒரு வண்டி கிடைக்குமா? சித்தியை பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். வேறு எதுவும் இப்போது கேட்காதீர்கள்.

மாமா: வண்டி எதற்கு, நானே கூட்டிப் போகிறேன். எத்தனை மாதமாக?

செல்வி: மாமா.

மாமா: சரி சரி. கேட்கவில்லை.

சித்தி: நாளைக்கு வேண்டாம். பீடி இலை நனைத்துப் போட்டிருக்கிறேன். வெட்டாவிட்டால் வீணாகிவிடும். வியாழக்கிழமை பார்ப்போம்.

மாரி: இலையை ராத்திரியே நான் வெட்டிவிடுவேன். அம்மா பேச்சைக் கேட்காதீர்கள் மாமா, ஐந்தரைக்கெல்லாம் வந்துவிடுங்கள்.

முருகன்: சித்தி, ஒரு நாள் பீடிக்கூலியை நான் போட்டு விடுகிறேன். தொடர்ந்து போகவேண்டி வந்தால் அதையும் நானும் கண்ணனும் பார்த்துக்கொள்கிறோம். பஸ் காசுக்காக நிறுத்தக் கூடாது.

கண்ணன்: ஆமாம் சித்தி.

மாமா: மாரி, காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்து வை.

மாரி: காப்பீட்டு அட்டையில் அம்மா பேர் தப்பாக இருக்கிறது மாமா. ஆதாரில் வேறு மாதிரி.

மாமா: இரண்டையும் கொண்டு வா. அங்கே கவுன்டரில் நான் பேசிக்கொள்கிறேன்.