கண் சரியானதும் மாத்திரையை நிறுத்தினோம்

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

வீட்டுக்காரருக்குக் கொலுசுப் பட்டறையில் வேலை. போன ஐப்பசியில் ஒரு காலை வலது இமை வீங்கி, கண்ணே முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. பற்றவைக்கும்போது அனல் பட்டிருக்கும் என்று நினைத்தோம். கண்ணை அசைத்தாலே வலி. பக்கத்தில் ஒரு வாரம் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள், துளியும் குறையவில்லை.

அப்புறம் கோவையில் ஸ்கேன் எடுத்தோம். கண்குழியில் தசையும் கண்ணீர்ச் சுரப்பியும் வீங்கியிருந்தன. கிருமி இல்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாறுமாறாக வேலை செய்கிற அழற்சி என்றார்கள். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் கணக்கு, அவருக்கு 60. மூன்றாம் நாளே வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் சர்க்கரை ஏறியது, முகம் உப்பியது, ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. கண்தான் சரியாகிவிட்டதே என்று நாங்களாகவே நிறுத்திவிட்டோம். அது பெரிய தப்பு. ஸ்டீராய்டைப் படிப்படியாக, மாதக்கணக்கில் குறைக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் நோயும் திரும்பும், உடம்பும் தாங்காது.

பத்தே நாளில் திரும்பியது. ஒரு கொலுசுக் கண்ணி இரண்டாகத் தெரிய, அவர் பற்றவைக்கும் பொடியை வெறும் இடத்தில் வைத்ததை நானே பார்த்தேன். வயிறு பிசைந்தது.

இந்த முறை சுரப்பியில் சிறு துண்டு எடுத்து பயாப்சி செய்தார்கள். பயந்தோம்தான். ஆனால் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயிலும், ஐஜிஜி4 என்ற இன்னொரு எதிர்ப்புச் சக்தி நோயிலும் இதே போல் வீங்கும், ஸ்டீராய்டுக்குக் கொஞ்ச நாள் அடங்கியும் காட்டும் என்று டாக்டர் சொன்னபோதுதான் அதன் அவசியம் புரிந்தது. இரண்டும் இல்லை. இப்போது ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டே, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து. வாரம் ஒரு நாள்தான், தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. காலண்டரில் ஞாயிறுகளை வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.

ஏற்காட்டிலிருந்து:

அக்கா, எனக்குக் கண் வீக்கம் தைராய்டால் வந்தது. ஜீப் ஓட்டுகிறேன். 20 கொண்டை ஊசி வளைவு, ஒரு நாள் எதிரே வந்த பஸ் இரண்டாகத் தெரிந்தது. ஓரமாக நிறுத்திவிட்டு, தம்பியை வரவழைத்து ஓட்டச் சொன்னேன்.

டாக்டர் முதலில் சொன்னது சிகரெட்டை விடு என்றுதான். புகைத்தால் இந்த நோய் முற்றும், மருந்தும் சரியாகக் கேட்காதாம். விட்டுவிட்டேன். வாரம் ஒரு முறை மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு டிரிப்: ஆறு வாரம் 500 மில்லிகிராம், அடுத்த ஆறு வாரம் 250. தைராய்டு கண் நோய்க்கென்றே அமெரிக்காவில் 2020இல் வந்த டெப்ரோடுமுமாப் மருந்தைப் பற்றியும் கேட்டேன். அதில் காது கேட்பது குறையலாம், சர்க்கரையும் ஏறலாம் என்றார். வலியும் சிவப்பும் போய்விட்டன. மிச்சமுள்ள மாறுகண்ணுக்கு, நோய் அடங்கிச் சில மாதம் போன பிறகுதான் ஆபரேஷன்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடி, சிவப்பான ஏதாவது ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணில் சிவப்பு வெளுத்துத் தெரிந்தால் பார்வை நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம், அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

நன்றி தம்பி. இப்போதுதான் குங்குமச் சிமிழைத் திறந்து பார்க்கச் சொன்னேன். இரண்டு கண்ணிலும் ஒரே சிவப்பாம்.