புதுப்பிப்பு: ஹெடரில் சுற்றிய ராப்பைப் பிரித்துவிட்டேன்

போன வருடம் என் ஸ்விஃப்ட் காரின் மைல்ட் ஸ்டீல் (சாதாரண எஃகு) ஹெடருக்கு, அதாவது எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுப்புக்கு, சூட்டை அடக்கும் ஃபைபர்கிளாஸ் ராப் (சுற்றுப்பட்டை) சுற்றியதை எழுதியிருந்தேன். மழைக்காலம் வந்தால் துருப்பிடிக்கும் என்று சிலர் எச்சரித்தீர்கள். அதுதான் நடந்தது. பிரித்தால் குழாய் செதில் செதிலாக உதிர்கிறது. குழாய்கள் ஒன்றுசேரும் கலெக்டரின் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் வேறு. ராப் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, வெப்பம் வெளியேறாததால் இரும்பும் கூடுதலாகச் சூடாகிறது. இரண்டையும் சேர்த்து மைல்ட் ஸ்டீல் தாங்காது.

சரி, இப்போது 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஹெடர். பிளாஸ்டிங் செய்து (துகள்களை வேகமாகப் பீய்ச்சி) சுத்தமாக்கி, உள்ளும் வெளியும் செராமிக் கோட்டிங் (சூட்டைத் தடுக்கும் பூச்சு) போட்டாயிற்று. பானட்டுக்குள் சூட்டைக் குறைப்பதில் நல்ல ராப் ஒரு படி மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் மழையில் தினமும் ஓடும் வண்டிக்குக் கோட்டிங்தான் சரி.

அப்புறம், கோட்டிங்கின் மேலேயே ராப் சுற்றலாமா என்று கேட்டவருக்கு: நான் சுற்றவில்லை. மறுபடியும் அதே ஈரம், அதே சூடு.