பேச்சுப் போட்டிக்கு ஜி. சுப்பிரமணிய ஐயர்

செல்வி: அனைவருக்கும் வணக்கம். யாழினியின் பள்ளியில் சுதந்திர தினப் பேச்சுப் போட்டிக்கு ஜி. சுப்பிரமணிய ஐயரைத் தலைப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். நான்கு நிமிடத்துக்குள் எதையெல்லாம் சொல்ல வைக்கலாம், பெரியப்பா?

ராமநாதன் பெரியப்பா: திருவையாற்றில் 1855-இல் பிறந்து, திருவல்லிக்கேணியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் அம்மா அவர். 1878-இல் முத்துசாமி ஐயரைச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமித்தபோது, ஓர் இந்தியருக்கு அந்தப் பதவியா என்று ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் பொருமின. பதில் சொல்ல நம்மவர் கையில் ஒரு பத்திரிகை இல்லையே என்ற ஆதங்கத்தில், சுப்பிரமணிய ஐயரும் அவர் நண்பர் வீரராகவாச்சாரியாரும் சட்டம் படித்துக்கொண்டிருந்த நான்கு இளைஞர்களும் சேர்ந்து, ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி 80 பிரதிகள் அச்சிட்டார்கள். அதுதான் ‘தி இந்து’வின் முதல் இதழ். அப்போது அது வார இதழ் என்பதைக் குழந்தையிடம் சொல்லிவை.

கதிர்: அக்கா, 1885 டிசம்பரில் பம்பாயில் 72 பேர் கூடிய முதல் காங்கிரஸில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவரும் இவர்தான். இந்திய நிர்வாகம் நடக்கும் விதத்தை ஓர் ஆணையம் விசாரிக்க வேண்டும், அதில் இந்தியர்களுக்குப் போதிய இடம் வேண்டும் என்பதே அந்தத் தீர்மானம். இதிலேயே பேச்சைத் தொடங்கலாம்.

மீனாட்சி அத்தை: தீர்மானத்தை யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம், கதிர். சிறு வயதிலேயே கணவனை இழந்த தம் மகள் சிவப்பிரியாவுக்கு 1889-இல் அவர் மறுமணம் செய்துவைத்தார். மேடையில் சீர்திருத்தம் பேசிவிட்டு வீட்டில் வாயை மூடிக்கொண்டவர்கள் நிறைந்திருந்த காலத்தில், சொந்தச் சாதியார் ஒதுக்கிவைப்பார்கள் என்று தெரிந்தே செய்த காரியம் அது. என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ராமநாதன் பெரியப்பா: மீனாட்சி சொல்வது சரிதான். ஆனால் ‘சுதேசமித்திரன்’ பின்னுக்குப் போய்விடக் கூடாது. ஆங்கிலம் படித்த சிலரோடு அரசியல் நின்றுவிடக் கூடாது என்று 1882-இலேயே அதைத் தமிழ் வார இதழாகத் தொடங்கினார். 1898-இல் ‘தி இந்து’வை விட்டு விலகி, மறு ஆண்டே சுதேசமித்திரனை நாளிதழாக்கினார். மதுரையில் தற்காலிக ஆசிரியராக இருந்த பாரதியை 1904-இல் அழைத்து வந்து, ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் வேலையில் அமர்த்தியவரும் இவரே.

கதிர்: பெரியப்பா, வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்த அதே 1908-இல் இவரையும் இராஜதுரோகக் குற்றச்சாட்டில் கைது செய்தார்கள். இவர் நன்னடத்தைக்கு உறுதி எழுதிக் கொடுத்து வெளியே வந்தார். அதையும் சொல்ல வேண்டுமா?

மீனாட்சி அத்தை: உடல் நலிந்திருந்த மனிதர், பாவம். அதை வைத்து அவரை எடைபோடாதே.

ராமநாதன் பெரியப்பா: எடைபோட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். நோயுற்ற நிலையில் உறுதி கொடுத்து விடுதலையானார், 1916-இல் காலமானார் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லட்டும். நடுவர்களில் விவரம் தெரிந்தவர் யாரேனும் இருந்தால் மதிப்பெண் கூடுமே தவிரக் குறையாது.

செல்வி: அப்படியானால் மகளின் திருமணத்தில் தொடங்கி, பத்திரிகைக்கும் காங்கிரஸுக்கும் வந்து, 1908-ஐயும் சேர்த்து இன்றிரவே எழுதிவிடுகிறேன். திருத்தித் தாருங்கள், பெரியப்பா.

மீனாட்சி அத்தை: அவள் பேசுவதைக் குரல் பதிவாகவும் அனுப்பு. போன முறை அவசரத்தில் ழகரத்தையெல்லாம் விழுங்கிவிட்டாள்.