நெவாடாவில் குவிந்து கிடக்கும் ஷோனிசாரஸ்கள்: செத்தது எப்படி?

வெண்சங்கு: அமெரிக்காவின் நெவாடாவில் உள்ள பெர்லின்-இக்தியோசார் பூங்காவில் ஒரே குழிக்குள் குறைந்தது ஏழு ஷோனிசாரஸ் கல்லாகிப் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன; இக்தியோசார் என்ற, அழிந்துபோன கடல் ஊர்வனவில் ஒரு வகை, பெரியது 15 மீட்டர் வரும். தானாகச் செத்தால் இப்படியா கிடக்கும்? 2011-ல் புதைபடிவ ஆய்வாளர் மார்க் மெக்மெனமின் சொன்ன ராட்சதப் பேய்க்கணவாய்தான் (ஆக்டோபஸ் மாதிரி) எனக்குச் சரியாகப் படுகிறது. கொன்று இழுத்துவந்து, முதுகெலும்பு வட்டுகளைத் தன் உறிஞ்சிகள் மாதிரியே இரண்டு வரிசையாக அடுக்கியிருக்கிறது.

நண்டுவளை: அடுக்கியதாம்! முதுகுத்தண்டு மக்கிச் சரியும்போது தட்டை வட்டுகள் அப்படி விழுவதில் என்ன அதிசயம்? கணவாயின் உடம்பு மென்மையானது, பாறையில் பதியாது என்பீர்கள். சரி, அலகு கெட்டிதானே, அது எங்கே?

கருப்பட்டி: கணவாயே வேண்டாம். 1950-களில் அங்கே தோண்டிய சார்லஸ் கேம்ப் சொன்னதே போதும், திமிங்கிலம் மாதிரி கூட்டமாகக் கரை ஒதுங்கியவை.

நண்டுவளை: கேம்ப் மேல் மரியாதை உண்டு அண்ணா, 1976-ல் ஷோனிசாரஸ் என்று பெயர் வைத்ததே அவர்தான். ஆனால் அந்தப் பாறை கரையோரச் சேறு இல்லை, ஆழமான நீரில் படிந்தது என்று பிற்பாடு வந்தவர்கள் காட்டிவிட்டார்கள். 2022-ல் நீல் கெல்லி, நிக்கோலஸ் பைன்சன் குழு குழியை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்தது, எரிமலையின் வேலையா என்று பாறையில் பாதரசம்கூடத் தேடிப் பார்த்தது, அதற்கும் தடயமில்லை. சிக்கியது வேறு: பழைய சேகரிப்புகளில் யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்த பொடிப்பொடி எலும்பும் பல்லும் கருவில் இருந்தவற்றினுடையவை, இல்லை அப்போதுதான் பிறந்தவற்றினுடையவை. பெரியவை இருக்கின்றன, குட்டிகள் இருக்கின்றன, நடு வயதில் ஒன்றுகூடக் காணோம். இரையாகும் அளவுக்கு மீனோ வேறு ஊர்வனவோ அங்கே ஏறக்குறைய இல்லவே இல்லை. அப்புறம் எதற்கு வந்தன? ஈனத்தான். இக்தியோசார்கள் முட்டையிடுபவை அல்ல; ஜெர்மனியின் ஹோல்ஸ்மாடனில் வயிற்றுக்குள் குட்டியோடு கல்லானவையே கிடைத்திருக்கின்றன.

வெண்சங்கு: ஈன வந்த ஏழும் ஒன்றாகவா செத்தன?

நண்டுவளை: ஒன்றாகச் செத்தன என்று யார் சொன்னது? பூங்காவில் எலும்புள்ள அடுக்குகள் பல, அவற்றுக்கிடையே லட்சக்கணக்கான ஆண்டு இடைவெளி. தலைமுறை தலைமுறையாக அதே நீருக்குத்தான் வந்திருக்கின்றன.

கருப்பட்டி: அடுக்குக்கு அடுக்கு இடைவெளி இருக்கட்டும் தம்பி. அவர் கேட்டது ஒரே குழியில் கிடக்கிற ஏழைப் பற்றி. பிரசவம் என்றால் ஏன் வந்தன என்பதற்குப் பதில், ஏன் செத்தன என்பதற்கு இல்லையே.

நண்டுவளை: இல்லைதான். அந்த ஆய்வும் சாவுக்குக் காரணம் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. அதற்காக அந்த இடத்தில் அலகில்லாத பேய்க்கணவாயைக் கொண்டுவந்து உட்கார வைக்க முடியாது.

வெண்சங்கு: அலகு இன்னும் கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள்.