பொது மருத்துவத் துறை பிஜி டூட்டி லிஸ்ட்: 36 மணி நேர டூட்டியை எப்படி நிறுத்துவது?

லிஸ்ட்_பொறுப்பு கேட்டது:

அரசு மருத்துவக் கல்லூரி, பொது மருத்துவத் துறை. 3 யூனிட், யூனிட்டுக்கு 4 பிஜி (மேற்படிப்பு மாணவ டாக்டர்), ஆக 12 பேர். இரவில் 3 இடத்துக்கு ஆள் வேண்டும்: அட்மிஷன் வார்டு, ஐஎம்சியு (தீவிர சிகிச்சைப் பிரிவு), மற்ற வார்டுகள். இப்போது ஒவ்வொருவருக்கும் 4 நாளுக்கு ஒரு டூட்டி. காலை 8 மணிக்கு ஏறுபவர் மறுநாள் ரவுண்ட்ஸ், ஓபி எல்லாம் முடித்து மாலை 5 மணிக்குத்தான் இறங்குகிறார். அதுவே 33 மணி நேரம். பாக்கி ரிப்போர்ட்டுகளைத் தேடி, கேஸ் ஷீட் எழுதி முடித்தால் 36.

மன அழுத்தம் பற்றி உரை நடத்தினோம், யோகா வகுப்பும் வைத்தோம். டூட்டி முடித்து வந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறார்கள். லிஸ்ட்டை மாற்றாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை என்பது துறையில் பலருக்கும் புரிந்துவிட்டது. துறைத் தலைவரும் மாற்றச் சம்மதம்தான். ஆனால் யூனிட் சீஃப்களுக்கு இரண்டு கவலை. பகலில் வார்டில் ஆள் குறையும் என்பது ஒன்று; கை மாறிக் கை மாறி நோயாளியின் விவரம் தொலைந்துபோகும் என்பது இன்னொன்று.

இது போக, முதலாம் ஆண்டு பிஜி ஒருவர் சில வாரங்களாக யாரிடமும் பேசுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை. மருத்துவமனை முழுக்கப் பேச்சாகிவிடாமல் அவருக்கு எப்படி உதவுவது?

---

ஐந்து_ஜோடி பதில்:

முதலில் 12 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு பிஜிக்கும் 3 மாத மாவட்ட ரெசிடென்சி (மாவட்ட மருத்துவமனையில் பயிற்சி) கட்டாயம். ஆண்டுக்கு 4 பேர் போகிறார்கள் என்றால் மொத்தம் 12 மாதம். அதாவது சராசரியாக எப்போதும் ஒருவர் வெளியே. அடுத்து, ஆளுக்கு ஆண்டுக்கு 20 நாள் விடுப்பு. 12 பேருக்கு 240 நாள். அதில் தினமும் ஏறக்குறைய முக்கால் ஆள் போய்விடும். கான்ஃபரன்ஸ், காய்ச்சல் எல்லாம் சேர்த்தால் உங்கள் கையில் நிற்பது 10 பேர்தான். 12 பேருக்குப் போட்ட லிஸ்ட் இரண்டாவது வாரமே உடைந்து, லீவில் போனவரின் டூட்டி யாராவது ஒருவர் தலையில் விழுவது இதனால்தான். 10 பேருக்கு லிஸ்ட் போடுங்கள். மீதி 2 பேர் இருக்கும்போது ரிலீஃப், இல்லாதபோது இல்லை.

10 பேரை 5 ஜோடியாகப் பிரியுங்கள். ஒரு ஜோடியில் இருவரும் ஒரே யூனிட்டாக இருக்கக் கூடாது. ஒருவர் சீனியர், ஒருவர் ஜூனியர். ஒவ்வொரு ஜோடிக்கும் 5 நாள் சுற்று இப்படி:

1-ம் நாள்: பகல், 8 முதல் 5 வரை
2-ம் நாள்: நீண்ட பகல், காலை 8 முதல் இரவு 8.30 வரை
3-ம் நாள்: பகலில் வீடு, இரவு 8 மணிக்கு ஏறி மறுநாள் காலை 8.30 வரை
4-ம் நாள்: 8.30-க்கு இறங்கியபின் ஆஃப்
5-ம் நாள்: பகல், 8 முதல் 5 வரை

5 நாளில் 9 + 12.5 + 12.5 + 9 = 43 மணி. வாரத்துக்கு 60 மணி வருகிறது. இப்போதைய லிஸ்ட்டில் 4 நாளுக்கு 33 + 9 + 9 = 51 மணி, வாரத்துக்கு 89. தேசிய மருத்துவ ஆணையத்தின் மனநலப் பணிக்குழு 2024-ல் பரிந்துரைத்த உச்சவரம்பு வாரம் 74 மணி. மத்திய அரசின் 1992 ரெசிடென்சி திட்டம் சொன்னது வாரம் 48 மணி, தொடர்ந்து 12 மணிக்கு மேல் கூடாது. 48-ஐ இந்த ஆள்பலத்தில் எட்ட முடியாது. 12-க்கு அருகில் வந்துவிடலாம்.

ஞாயிறு தவிர எல்லா நாளும் பகலில் 6 பேர் இருப்பார்கள். ஞாயிறு ஓபி இல்லாததால் நீண்ட பகல் ஜோடியும் இரவு ஜோடியும் போதும், பகல் ஜோடிகள் இரண்டுக்கும் விடுமுறை. 5-ம் 7-ம் பொருந்தாத எண்கள் என்பதால் ஞாயிறு தானாகச் சுழலும்: 5 வாரத்தில் ஒவ்வொருவருக்கும் 2 முழு ஞாயிறு. வாரம் ஒரு விடுமுறை என்ற விதிக்கு அது போதாது. ரிலீஃப் ஆட்கள் இருக்கும் நாளில் 5-ம் நாள்காரர்களுக்கு விடுமுறை கொடுத்து ஈடுகட்டுங்கள். இரவு முடித்துத் தூங்கும் 4-ம் நாளை விடுமுறைக் கணக்கில் எழுத வேண்டாம். அதுதான் பிஜிக்களுக்கு அதிகம் வலிக்கிற விஷயம்.

இதற்கு ஒரு விலை உண்டு. இரவில் 3 பிஜி இருந்த இடத்தில் 2 பேர்தான். மூன்றாவது இடத்துக்கு டூட்டி ஏபி (உதவிப் பேராசிரியர்) மருத்துவமனைக்குள்ளேயே தங்க வேண்டும். சிஆர்ஆர்ஐ-யை (ஹவுஸ் சர்ஜனை) அங்கே தனியாக விட முடியாது. துறைத் தலைவர் இதை எழுத்தில் கொடுக்காவிட்டால் லிஸ்ட்டைத் தொடங்காதீர்கள்.

பெரும்பாலும் உடைகிற இடம் 8.30. இரவு அட்மிஷன்களைச் சீஃபிடம் சொல்லாமல் இறங்க முடியாது. சீஃப் வருவதோ 9 மணிக்கு. ரவுண்ட்ஸை 7.45-க்கு அட்மிஷன் வார்டில் தொடங்கி, இரவுக் கேஸ்களை முதலில் பார்த்துவிட்டு மற்ற வார்டுக்குப் போகச் சொல்லுங்கள். 8.30-க்கு மேல் நின்றவர் பெயர், யூனிட், நின்ற காரணம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு வாரத்தில் எங்கே சிக்கல் என்று தெரிந்துவிடும்.

---

வார்டு_கணக்கு பதில்:

மேலே சொன்ன லிஸ்ட்டோடு இதையும் சேர்த்துச் செய்யாவிட்டால் ஆபத்து. 2004-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில், 24 மணிக்கு மேற்பட்ட டூட்டி பார்த்த இன்டர்ன்கள் ஐசியுவில் 36 சதவீதம் அதிகக் கடுமையான தவறுகள் செய்தார்கள். எல்லோரும் காட்டுவது அதைத்தான். அதே குழு 2020-ல் 6 குழந்தைகள் ஐசியுக்களில் 24 மணி டூட்டியை எடுத்துவிட்டுப் பார்த்தபோது தவறுகள் கூடின. ஒரு டாக்டர் தலையில் விழுந்த நோயாளிகளின் எண்ணிக்கையைக் கணக்கில் எடுத்தபோது அந்த வித்தியாசம் இல்லாமல் போனது. நேரத்தைக் குறைத்து வேலையை அப்படியே வைத்தால் இதுதான் நடக்கும்.

ஆகவே வேலையைக் குறையுங்கள். ஒரு வாரம் ஒவ்வொரு பிஜியும் சட்டைப் பையில் ஒரு அட்டை வைத்துக்கொண்டு, டாக்டர் செய்யத் தேவையில்லாத வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போடட்டும்: ரத்த சாம்பிளை லேபுக்குத் தூக்கிப் போனது, ரிப்போர்ட் வாங்க நின்றது, ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சரோடு போனது, ரத்த வங்கிக்கு நடந்தது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஃபோட்டோ எடுத்து அப்லோட் செய்தது. அந்த எண்ணிக்கையோடு ஆர்எம்ஓவிடமும் (நிலைய மருத்துவ அலுவலர்) டீனிடமும் போங்கள். "வேலை அதிகம்" என்று போனால் ஆறுதல்தான் கிடைக்கும். "இரவு 8 முதல் காலை 8 வரை லேபுக்கு இத்தனை நடை" என்று தாளில் காட்டினால், இரவுக்கு ஒரு மருத்துவமனைப் பணியாளரை ஒதுக்கும்படி கேட்க இடமிருக்கிறது.

---

லிஸ்ட்_பொறுப்பு:

நன்றி டாக்டர். அட்டையை நாளையே கொடுத்துவிடுகிறோம். கை மாறும்போது விவரம் தொலையும் என்ற கவலைக்கு என்ன பதில் சொல்வது? அந்த ஒரு காரணத்தைச் சொல்லியே சீஃப் ஒருவர் ஒத்துக்கொள்ள மறுக்கிறார்.

---

பெட்_14 பதில்:

அவர் கவலை நியாயமானது. லிஸ்ட்டில் 8 முதல் 8.30 வரை இரண்டு ஜோடியும் இருப்பது இதற்காகத்தான். நோயாளி விவரத்தை ஒப்படைக்கும் ஐ-பாஸ் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 9 மருத்துவமனைகளில் சோதித்து 2014-ல் வெளியிட்டார்கள். மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன. ஐந்து பகுதி: நோயாளி எவ்வளவு மோசம், சுருக்கம், செய்ய வேண்டியவை, இப்படி ஆனால் அப்படி, கேட்டவர் திருப்பிச் சொல்வது.

நம் வார்டில் வழக்கமாகச் சொல்வது (டிகேஏ என்பது சர்க்கரை நோயில் ரத்தத்தில் அமிலம் கூடும் அவசர நிலை): "பெட் 14, டிகேஏ, இன்சுலின் ஓடுது, பொட்டாசியம் அனுப்பியிருக்கு, பார்த்துக்கோங்க." இதில் எதைப் பார்ப்பது, எப்போது, பார்த்து என்ன செய்வது, ஒன்றுமே இல்லை. சொல்ல வேண்டியது:

"பெட் 14, கவனமா பார்க்க வேண்டிய கேஸ். 62 வயசு, டிகேஏ, காரணம் கால் புண். 11 மணிக்கு பொட்டாசியம் ரிப்போர்ட் வரும். 3.5-க்குக் கீழே இருந்தா இன்சுலினை நிறுத்திட்டு முதல்ல பொட்டாசியம் கொடுங்க. சுகர் 250-க்கு வந்ததும் டெக்ஸ்ட்ரோஸ் சேருங்க. மூச்சு வேகம் கூடினா ஏபியைக் கூப்பிடுங்க."

வாங்குபவர் உடனே "11 மணி பொட்டாசியம், 3.5-க்குக் கீழேன்னா இன்சுலின் நிறுத்தணும்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். முதலில் விட்டுப்போவது இந்தத் திருப்பிச் சொல்லல்தான், ஆள் களைத்திருக்கும்போது இன்னும் சீக்கிரம். அதனால் முதல் மாதம் ஏபி பக்கத்தில் நின்று கேட்கட்டும்.

எல்லா பெட்டுக்கும் இப்படிச் செய்ய அரை மணி போதாது. கவனிக்க வேண்டிய 8, 10 பேருக்கு முழுதாக, மற்றவர்களுக்கு ஒரு வரி. வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதோடு நிறுத்த வேண்டாம். நோயாளி விவரம் அங்கே கிடப்பதும் சரியல்ல. தாளில் எழுதி, நேரில் சொல்லி, மறுநாள் அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள்.

---

இரவு_3மணி பதில்:

தூக்கம் பற்றி இரண்டு வார்த்தை. இரவு ஜோடியில் ஒருவர் மற்றவரின் போனையும் வாங்கிக்கொண்டு, ஆளுக்கு 20 முதல் 30 நிமிடம் படுக்க வேண்டும். வேலை 3 மணிக்கு முன்பே சற்றுத் தணிந்தால் அப்போதே படுத்துவிடுங்கள்; 3 முதல் 5 வரைதான் கண் அதிகம் சொருகும் நேரம். 30 நிமிடத்தைத் தாண்டி ஆழ்ந்து தூங்கியவரை எழுப்பினால் தெளிய நேரமாகும். அந்த நிலையில் போனிலேயே மருந்து டோஸ் சொல்லக் கூடாது; எழுந்து, விளக்கைப் போட்டு, கேஸ் ஷீட்டைப் பார்த்த பிறகு சொல்லலாம். காலையில் தூங்க வேண்டுமானால் 3 மணிக்குப் பிறகு காபி வேண்டாம். 5 மணி நேரம் கழித்தும் பாதி உடம்பில் இருக்கும்.

பைக்கில் வீட்டுக்குப் போவதுதான் எனக்குப் பெரிய கவலை. 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவரின் அளவுக்கு இறங்குவதாக 1997-லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் வரம்பு 0.03. டூட்டி ரூமில் பெண்களுக்குத் தனி அறை, உள்தாழ்ப்பாள், 11 மணி வரை படுக்க அனுமதி, இந்த மூன்றையும் லிஸ்ட்டோடு சேர்த்தே கேளுங்கள்.

இரவில் 2 பேர்தான் என்பதால் இன்னொன்று: மரணச் செய்தியை யாரும் தனியாகப் போய்ச் சொல்லக் கூடாது. நர்ஸும் காவலாளியும் உடனிருக்கட்டும். டாக்டர் கதவுப் பக்கம் நிற்கட்டும். உறவினர்கள் கை ஓங்கினால், புகாரை அடிபட்டவர் பெயரில் கொடுக்காமல் மருத்துவமனை சார்பில் கொடுக்க வேண்டும். அதில் தமிழ்நாட்டின் 2008-ம் ஆண்டு மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். ஜாமீனில் வர முடியாத குற்றம், 10 ஆண்டு வரை சிறை. காயத்தை விபத்துப் பதிவேட்டில் ஏற்றி, சிசிடிவி பதிவைக் காப்பி எடுக்கச் சொல்லி அன்றே எழுத்தில் கொடுங்கள். தாமதித்தால் பதிவு அழிந்துவிடும்.

---

கதவைத்_தட்டு பதில்:

முதலாம் ஆண்டு பிஜியைப் பற்றி. லிஸ்ட் மாறும்வரை காத்திருக்க வேண்டாம், இன்றே பேசுங்கள். பேசுபவர் அவருக்கு மார்க் போடுபவராகவோ தீசிஸ் கையெழுத்துப் போடுபவராகவோ இருக்கக் கூடாது. அப்படிப்பட்டவரிடம் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். அவர் நம்பும் ஒரு சீனியர் போதும். டூட்டி ரூமில் வேண்டாம், கேன்டீனிலும் வேண்டாம்.

"என்னப்பா, எல்லாம் ஓகேவா?" என்றால் "ஓகே சார்" என்றுதான் வரும். பார்த்ததைச் சொல்லிக் கேளுங்கள்: "ரெண்டு வாரமா நீ சாப்பிடறதே இல்லைன்னு பார்க்கறேன். தூக்கம் வருதா?" அதன் பிறகு நேராக: "செத்துப்போயிடலாம்னு நினைப்பு வருதா?" கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம், கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை. கேட்கவும் ஆள் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

"ஆமாம்" என்றால் அவரைத் தனியாக விடக் கூடாது. அன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், இரவு ஒருவர் கூடவே தங்கட்டும், வார்டு மருந்துகளும் ஊசிகளும் கைக்கெட்டாமல் பாருங்கள். வீட்டில் யாரிடம் சொல்லலாம் என்று அவரிடமே கேளுங்கள். "இல்லை" என்றாலும் இந்த வாரத்துக்குள் ஒரு மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.

எங்கே பார்ப்பது என்பதில்தான் ரகசியம் காக்கப்படுவதும் கசிவதும். சொந்தக் கல்லூரியின் மனநல ஓபியில் சீட்டு போட்டால், அதே ஹாஸ்டலில் இருக்கும் இன்னொரு பிஜிதான் கேஸ் எழுதுவார். வேறு கல்லூரியிலோ வெளியில் தனி கிளினிக்கிலோ பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி-மானஸ், எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 23-ன்படி சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமை டாக்டருக்கும் உண்டு. தூக்க மாத்திரையைத் தானே எழுதிக்கொள்கிறாரா என்று மென்மையாகக் கேட்டுவிடுங்கள். டாக்டர்களிடம் இது சாதாரணமாக நடக்கிறது, பிரச்சினையை மாதக்கணக்கில் மறைத்தும்விடுகிறது.

விடுப்புக் கடிதத்தில் "உடல்நலக் குறைவு" என்ற இரண்டு சொல் போதும். மருத்துவச் சான்று வேண்டுமென்றால் அதிலும் நோயின் பெயர் இல்லாமல் ஓய்வு நாட்களை மட்டும் எழுதித் தரும்படி சிகிச்சை தரும் மருத்துவரிடம் கேட்கலாம். திரும்பி வந்ததும் முதல் இரண்டு, மூன்று வாரம் இரவு டூட்டி வேண்டாம்; சரியான தூக்கம் இல்லாமல் சிகிச்சை பலன் தருவது கடினம். அந்த இரவுகளை ரிலீஃப் பேரால் நிரப்புங்கள். ஏன் என்று மற்றவர்கள் கேட்டால் "லிஸ்ட் இந்த மாசம் இப்படி" என்று சொன்னால் போதும்.