பேய்ப்பதிவு: இல்லாத நூலுக்கு ஒரு பெயர்

வணக்கம் ஐயா,

அச்சில் வராத நூலுக்கு நூலகப் பட்டியலில் மட்டும் ஒரு பதிவு இருந்தால் அதை என்னவென்று சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் 'போலிப்பதிவு' எனக்கு ஒட்டவில்லை. போலி என்றால் யாரோ ஏமாற்றச் செய்தது என்றாகிவிடும். இங்கே பட்டியலைத் தொகுக்கும் மென்பொருள் தனக்குச் சொன்ன விதியை அப்படியே செய்கிறது, அவ்வளவுதான். 'நிழற்பதிவு' என்றால் நகல் என்று எடுத்துக்கொள்வார்கள்.

'பேய்ப்பதிவு' என்கிறேன். பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல் என்கிறோமே, பார்வைக்கு அதே காய், வாயில் வைத்தால் கசப்பு. அந்தப் 'பேய்'.

நம் மலேசியப் பெயர்களில் 'இன்னார் மகன்', 'இன்னார் மகள்' என்பதற்கு வரும் ஏ/எல், ஏ/பி இதற்கு நல்ல விளைநிலம். பட்டியல் வரியில் தலைப்பையும் ஆசிரியரையும் பிரிப்பது சாய்கோடு. எடுத்துக்காட்டாக, 'காய்கறித் தோட்டம் / முத்து ஏ/எல் ராமன்'. கடைசிச் சாய்கோட்டில் வெட்டும் நிரல், தலைப்பை 'காய்கறித் தோட்டம் / முத்து ஏ' என்றும் ஆசிரியரை 'எல் ராமன்' என்றும் எழுதும். எழுதியவர் தலைப்புக்குள் போய்விட, அவர் அப்பா ஆசிரியராகிவிடுகிறார். இருபுறமும் இடைவெளி உள்ள முதல் சாய்கோட்டில் மட்டும் வெட்டச் சொன்னால் தீர்ந்தது.

வழக்கமான ஆண்டோடு 31ஐக் கூட்டி வரும் திருவள்ளுவர் ஆண்டு இன்னும் மோசம். 2010இல் வந்த நூலில் 2041 என்று அச்சாகியிருக்கும். நூலகப் பதிவுகளுக்கான கணினி வடிவமான மார்க் 21இல், வெளியீட்டு ஆண்டுக்குரிய இடத்தில் (008 புலத்தின் 07 முதல் 10 வரை) அந்த எண் ஏறிவிட்டால், அதே நூலின் சரியான பதிவோடு ஆண்டு பொருந்தாது. மென்பொருள் அதை வேறு பதிப்பாக்கிவிடும். எதிர்கால ஆண்டாவது கண்ணில் படும். 1984இல் வந்த நூல் 2015 ஆகி நின்றால் யாருக்கும் ஐயம் வராது. அங்கே நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னைப் பாருங்கள். 2007 முதல் அது 13 இலக்கம். 2015 என்ற ஆண்டோடு 10 இலக்க எண் மட்டும் இருந்தால், புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு 31ஐக் கழியுங்கள்.

கோலாலம்பூர்

*

வணக்கம் அம்மா,

'போலி'யைத் திரும்பப் பெறுகிறேன். 'ஔவை'யை 'அவ்வை' என்று எழுதுவதை இலக்கணமே போலி என்கிறது; பட்டியலில் அந்தச் சொல் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது.

ஆனால் எல்லை போட்டாக வேண்டும். 'ஔ' என்ற ஓரெழுத்துக்குப் பதில் 'ஒ', 'ள' என்று இரண்டெழுத்தைத் தட்டினால் திரையில் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். ஒரே எழுத்தின் வெவ்வேறு கணினிக் குறியீடுகளை ஒன்றாக்கும் யூனிகோடு இயல்பாக்கம்கூட இவ்விரண்டையும் சேர்க்காது; ஔவையார் இரண்டு ஆளாகிவிடுவார். ஆனாலும் இரண்டு பதிவுக்கும் அலமாரியில் நூல் உண்டு. அது இரட்டைப்பதிவுதான்.

ஒரே ஐஎஸ்பிஎன்னைப் பதிப்பகம் இரண்டு நூலுக்குப் போட்டுவிடும்போது, ஒன்றின் தலைப்பும் மற்றதன் ஆசிரியரும் கலந்து ஒரு பதிவாகும். தட்டச்சுப் பிழையைக் காட்டிக்கொடுக்கும் கடைசிச் சரிபார்ப்பு இலக்கம் இதைப் பிடிக்காது, எண் சரியான எண்தானே. அப்படியொரு நூல் எங்குமில்லை என்பதால் இது பேய்ப்பதிவு.

'எந்த அச்சுப் படியோடும் பொருந்தாத நூற்பட்டியல் பதிவு' என்று நம் சொற்கோவையில் விளக்கம் கொடுப்போம். நடுவிலுள்ள 'ப்' கட்டாயம். 'பேய் பதிவு' என்று பிரித்து எழுதினால் தேடலில் பேய்க்கதைகளெல்லாம் சேர்ந்து வரும்.

பினாங்கு