பள்ளி மாணவர்களுக்கு மனநலச் செயலி: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கரும்பலகை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். 13 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்கள் படிக்கும் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். வரும் கல்வியாண்டில் எல்லா மாணவர்களுக்கும் மனநலச் செயலி ஒன்றை வழங்க நிர்வாகம் முடிவு செய்து, அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறது. எங்களுக்கு இருப்பவர் ஒரே ஓர் உளவியல் ஆலோசகர். அவரும் வாரத்தில் சில நாள்கள்தான் வருகிறார் என்பதால், அந்த இடைவெளியைச் செயலி நிரப்பிவிடும் என்று நிர்வாகம் நம்புகிறது.

இரண்டு செயலிகள் பரிசீலனையில் உள்ளன. முதலாவது செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நண்பரைப் போல எந்நேரமும் உரையாடுவது. அதோடு, ஒவ்வொரு மாணவரும் அன்றாடம் பதியும் மனநிலையை வகுப்பாசிரியர் தம் கணினியில் பார்க்கும் வசதியும் அதில் உண்டு. இரண்டாவது, பதற்றத்தையும் மனச்சோர்வையும் கையாளும் பயிற்சிகளைப் பாடம் பாடமாகச் சொல்லித் தருவது. இவற்றால் உண்மையில் பயன் உண்டா? வகுப்பாசிரியர் பார்க்கும் வசதி நல்லதா, கெட்டதா? துறை அறிந்தவர்களும், இத்தகைய செயலிகளைப் பயன்படுத்திய இளையவர்களும் சொன்னால் உதவியாக இருக்கும்.

மனநலப் பணியாளர்

அம்மா, வளரிளம் பருவத்தினருக்குச் சிகிச்சை அளிக்கும் உளவியலாளர் என்ற முறையில் எழுதுகிறேன். பயன் உண்டா என்ற கேள்விக்கு விடை, யாருக்கு, எந்த அளவுச் சிக்கலுக்கு, யாருடைய துணையோடு என்பவற்றைப் பொறுத்தே அமையும். 10 முதல் 19 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களுள் பெரும்பாலோர் எந்த ஆலோசகரின் அறைக்கும் வந்து சேர்வதில்லை என்பதால், திறன்பேசி வழியாக உதவி என்ற எண்ணத்தைத் தள்ளிவிட முடியாது.

நல்ல சான்றுகள் பெரும்பாலும் உங்களுடைய இரண்டாவது வகைக்கே உள்ளன. நியூசிலாந்தில் உருவான ஸ்பார்க்ஸ் என்ற கணினி விளையாட்டு, எண்ணங்களையும் செயல்களையும் சீர்படுத்தும் சிபிடி சிகிச்சை முறையை ஏழு கட்டங்களில் கற்றுத் தருகிறது. மனச்சோர்வுக்கு உதவி நாடி வந்த 187 இளையவர்களிடம் அதை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட முடிவில், வழக்கமான நேரடி உதவிக்கு அது குறைந்ததன்று என்று தெரியவந்தது. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பும் 2019இல், இளையோரின் லேசான மனச்சோர்வுக்கு முதற்கட்டமாகப் பரிந்துரைக்கத்தக்கவற்றுள் இணையவழிச் சிபிடியைச் சேர்த்தது. இங்கே ‘லேசான’ என்ற வரையறையை நிர்வாகத்தார் கவனமாகப் படிக்க வேண்டும். கடுமையான மனச்சோர்வோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ உள்ள மாணவரைச் செயலியிடம் ஒப்படைத்துவிட்டுப் பள்ளி ஒதுங்கிக்கொள்ள எந்தச் சான்றும் இடம் தருவதில்லை. மேலும், வாரம் ஒரு முறை சில நிமிடங்களாவது ஒரு மனிதர் விசாரித்து ஊக்கப்படுத்தும் திட்டங்கள், மாணவரைத் தனியே விட்டுவிடும் திட்டங்களைவிடப் பொதுவாக நல்ல பலன் தருகின்றன.

‘எல்லோருக்கும்’ என்ற முடிவைப் பற்றியும் ஒரு சொல். 8,000க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களைக் கொண்டு பிரிட்டனில் நடந்து 2022இல் வெளியான மிரியாட் ஆய்வில், மைண்ட்ஃபுல்னெஸ் எனப்படும் மனநிறைகவனப் பயிற்சியை ஆசிரியர்கள் வகுப்பு முழுமைக்கும் கற்பித்தபோது, வழக்கமான பாடத்திட்டத்தைவிடக் கூடுதல் பயன் கிடைக்கவில்லை. அது செயலி அல்ல என்பது உண்மையே. எனினும், தேவைப்படாதவருக்கும் சேர்த்துக் கொடுத்தால் எல்லோரும் நலமடைவர் என்ற எதிர்பார்ப்பை அது தளர்த்துகிறது. கட்டாயமாக்காதீர்கள், விரும்புபவர் கேட்டுப் பெறட்டும்.

நிரலாளன்

மருத்துவ மென்பொருள் எழுதுபவன் நான். மேலே உள்ள பதிலோடு உடன்படுகிறேன். ஆனால், விற்பனையாளர்கள் எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்பதைச் சொல்லித்தான் நம்மை மயக்குவார்கள் என்பதால், முதலில் அதைப் பற்றிச் சொல்கிறேன். 93 மனநலச் செயலிகளின் பயன்பாட்டை நேரடியாக அளந்த 2019ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், முப்பதாம் நாளிலும் செயலியைத் திறந்தவர்களின் இடைநிலை அளவு 3.3 விழுக்காடே. ஆகவே, ஒரு மாதத்துக்குப் பின் எத்தனை மாணவர்கள் எஞ்சினார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவே பதில்.

அடுத்தது தகவல். உங்கள் மாணவர் இரவில் தட்டச்சு செய்யும் ஒவ்வொரு வரியும் எங்கோ ஒரு சேவையகத்தில் சேமிக்கப்படுகிறது. பெட்டர்ஹெல்ப் என்ற இணையவழி ஆலோசனை நிறுவனம், பயனர்களின் உடல்நலத் தகவலை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் முதலிய நிறுவனங்களுடன் பகிர்ந்ததாக 2023இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றம்சாட்ட, 78 இலட்சம் டாலர் செலுத்த அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. நிறுவனம் மூடப்பட்டால் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். பெயர்பெற்ற மனநல உரையாடல் செயலியான வோபாட்டே 2025 ஜூன் மாத இறுதியில் சேவையை நிறுத்திவிட்டது.

நண்பரைப் போல உரையாடும் முதல் செயலியைப் பற்றி என் கருத்து: வேண்டாம். 1966இல் கணினி அறிஞர் வைசன்பாம் எழுதிய எலிசா என்ற எளிய உரையாடல் நிரலிடமே மனிதர்கள் மனம் திறந்தார்கள் என்றால், மனிதரைப் போல எழுதும் இன்றைய செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளிடம் 14 வயதுப் பிள்ளை எவ்வளவு ஒட்டிக்கொள்ளும் என்று எண்ணிப் பாருங்கள். முன்கூட்டியே எழுதி வைத்த பதில்களைத் தரும் சாட்பாட், அதாவது உரையாடும் நிரல், எல்லை மீறுவது அரிது. புதிதாக வாக்கியங்களை உருவாக்குவது எதைச் சொல்லும் என்று அதைச் செய்தவருக்கே உறுதியாகத் தெரியாது. அமெரிக்காவின் உண்ணல் கோளாறுகளுக்கான தேசியச் சங்கம் டெஸ்ஸா என்ற சாட்பாட்டை 2023இல் நிறுத்த நேர்ந்தது. உண்ணல் கோளாறு உள்ளவர்கள் உதவி தேடி வரும் இடத்திலேயே, எடையைக் குறைக்கும் ஆலோசனைகளை அது வழங்கிவிட்டது.

இரவுப்பறவை

எனக்கு இப்போது 19 வயது. பள்ளியில் படித்தபோது எங்களுக்கும் இப்படி ஒரு செயலி கொடுத்தார்கள். காலையில் வகுப்பு தொடங்கும் முன் ஐந்து முகங்களில் ஒன்றை அழுத்த வேண்டும். வகுப்பாசிரியர் பார்ப்பார் என்று தெரிந்ததும் பெரும்பாலோர் சிரித்த முகத்தையே அழுத்தினோம். வாடிய முகத்தை அழுத்திய ஒருவனை எல்லோர் முன்னிலையிலும் ‘என்னப்பா பிரச்சினை?’ என்று கேட்டதோடு, அந்த வகுப்பில் வாடிய முகம் என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. ஆசிரியர் அன்பாகத்தான் கேட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வேறொரு செயலியை நானாகவே தேடிப் பயன்படுத்தியிருக்கிறேன். அதில் பிடித்தது, என் முகத்தைப் பார்த்து யாரும் பதறவில்லை என்பதுதான். வீட்டில் சொன்னால் அம்மா அழுவார், நண்பனிடம் சொன்னால் அவனுக்கு என்ன பேசுவதென்று தெரியாது. செயலியிடம் எழுதியபின், அதே சொற்களை வைத்துக்கொண்டு ஆலோசகரிடம் பேசுவது எனக்கு எளிதாக இருந்தது. நிரலாளன் ஐயா முற்றாக வேண்டாம் என்பது சற்றுக் கடுமை என்று தோன்றுகிறது. பள்ளி கொடுக்காவிட்டாலும் என் வயதினர் பொதுவான சாட்பாட்களிடம் இதையெல்லாம் ஏற்கெனவே எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதைப் பற்றிப் பள்ளியில் யாரும் பேசுவதில்லை.

கரும்பலகை

மூவருக்கும் நன்றி. சிரித்த முகத்தைப் பற்றி எழுதியதை நிர்வாகத்துக்கு அப்படியே படித்துக் காட்டப் போகிறேன். ஆனால் ஒன்று உறுத்துகிறது. வகுப்பாசிரியர் பார்க்கக் கூடாது என்றால், ஒரு மாணவி நள்ளிரவில் ‘வாழப் பிடிக்கவில்லை’ என்று எழுதும்போது அதை அறிய வேண்டியவர் யார்? பிறகு தெரியவந்தால், பார்க்கும் வசதி இருந்தும் வேண்டாம் என்றவர் இவர்தான் என்று என்னைக் கேட்கமாட்டார்களா?

மனநலப் பணியாளர்

நியாயமான அச்சம். ஆனால் மனநிலைப் பதிவை எல்லா ஆசிரியரும் பார்ப்பதும், உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் குறிப்பிட்ட ஒருவருக்குத் தகவல் போவதும் வெவ்வேறு ஏற்பாடுகள். முன்னதைக் கைவிட்டுப் பின்னதை எழுத்தில் வகுத்துக்கொள்ளலாம். எந்த நிலையில் இரகசியம் காக்கப்படாது, யாருக்குச் சொல்லப்படும், பெற்றோருக்கு எப்போது தெரிவிக்கப்படும் என்பவற்றை மாணவர் பதிவு செய்யும்போதே எளிய சொற்களில் சொல்லிவிட வேண்டும். ஆலோசனை அறையிலும் முதல் நாளே நாங்கள் அதைத்தான் செய்கிறோம். பின்னர் தெரியவந்தால் பிள்ளை மீண்டும் யாரையும் நம்பாது.

செயலியின் எச்சரிக்கையை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. வாங்குவதற்கு முன் உங்கள் ஆலோசகரோடு அமர்ந்து சோதித்துப் பாருங்கள்: ‘சாகப் போகிறேன்’ என்று எழுதினால் பல செயலிகள் உதவி எண்ணைக் காட்டிவிடலாம், ‘நாளை முதல் யாருக்கும் பாரமாக இருக்கமாட்டேன்’ என்றோ, ‘என் புத்தகங்களைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன்’ என்றோ எழுதினால் என்ன செய்கிறது என்பதே கேள்வி. மாணவர்கள் உண்மையில் எழுதுவதைப் போல, ஆங்கில எழுத்தில் தமிழைக் கலந்தும் பிழையோடும் எழுதிச் சோதியுங்கள். இதோடு, தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்ற அச்சம் ஆதாரமற்றது என்பதை ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். கேட்கத் தெரிந்த சில ஆசிரியர்கள், கணினித் திரையில் தெரியும் ஐந்து முகங்களைவிட உங்களுக்கு உதவுவார்கள்.

இரவுப்பறவை சொன்னதையும் ஏற்கிறேன். 2025இல் வெளியான தெரபாட் ஆய்வில், செயற்கை நுண்ணறிவுச் சாட்பாட் ஒன்று மனச்சோர்வைக் கணிசமாகக் குறைத்தது. ஆனால் அதில் பங்கேற்ற 210 பேரும் பெரியவர்கள், உரையாடல்களை ஆய்வாளர்கள் கண்காணித்தும் வந்தார்கள். உங்களுக்கு விற்கப்படுவதில் அந்தக் கண்காணிப்பு உண்டா என்று கேளுங்கள்.

நிரலாளன்

அந்தக் கண்காணிப்போடு ஒருவர் விற்க வந்தால் நானும் மறுபடி யோசிப்பேன்.

மனநலப் பணியாளர்

ஆலோசகரின் நேரம் குறைவு என்றீர்கள். முழுக் கல்வியாண்டுக்கும் செயலி வாங்குவதைவிட, அரை மணி நேரத்தில் முடியும் ஒற்றை அமர்வுப் பயிற்சியை முதலில் ஆராயுங்கள். 2,452 வளரிளம் பருவத்தினர் பங்கேற்று 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அத்தகைய இணையவழி அமர்வுகள் மூன்று மாதங்களுக்குப் பின்னும் மனச்சோர்வைச் சிறிதளவு குறைத்திருந்தன. பலன் சிறியதுதான், ஆனாலும் ஒரே அமர்வில் முடிந்துவிடுவதால், பாதியில் கைவிடும் சிக்கல் பெரிதும் குறைகிறது. முடித்தபின் ‘யாரிடமாவது பேச விரும்புகிறேன்’ என்ற பெட்டியில் குறியிட்டவர்களை மட்டும் ஆலோசகர் அந்த வாரமே சந்திக்கட்டும். விடுமுறைக்குச் சற்று முன்பு இதைத் தொடங்கிவிட வேண்டாம்; குறியிட்ட பிள்ளை வந்து பார்க்கும்போது அறை பூட்டியிருக்கக் கூடாது.